முதல் தாளின் புள்ளி

பாடாங் மேஹா பக்கம், எண்ணெய் எடுக்கிற செம்பனைத் தோட்டத்துக்கு நடுவே ஒரு தமிழ்ப்பள்ளி. அதில் நான் குறைநீக்கல் ஆசிரியை. அந்தப் பெயரைக் கேட்டாலே எனக்கு எரிச்சல் வரும். குறை என்னவோ பிள்ளையின் உடம்பில் ஒட்டியிருப்பது போலவும், நான் சவுக்காரம் போட்டுத் தேய்த்து எடுப்பது போலவும் ஒரு பெயர். வாசிக்கத் தெரியாமல் வகுப்பில் ஒடுங்கி உட்கார்ந்திருக்கும் சின்னப் பிள்ளைகளைத் தினமும் கொஞ்ச நேரம் என் அறைக்குக் கூட்டிவந்து, எழுத்தில் ஆரம்பித்து வாக்கியம் வரை கொண்டுபோய் விடுவதுதான் என் வேலை. என் அறை முன்பு உடைந்த நாற்காலிகளைப் போட்டு வைத்திருந்த இடம். மழை பிடித்தால் தகரக் கூரையின் சத்தத்தில் ஒருவர் பேசுவது மற்றவருக்குக் கேட்காது. அப்போது வாயசைவைப் பார்த்தே பாடம் நடத்துவோம்.

நான் சொல்ல வந்தது ஒரு பெண்பிள்ளையைப் பற்றி. இரண்டாம் ஆண்டு படித்தாள். அப்பா செம்பனைக் குலை ஏற்றும் லாரி ஓட்டுகிறார். அம்மாவுக்குக் கூலிம் பட்டணத்தில் தொழிற்சாலை வேலை, ஷிப்ட். தோட்டத்தில் இருந்த பாலர் பள்ளி பிள்ளைகள் இல்லாமல் மூடிப்போனதால் இவள் நேராக முதலாம் ஆண்டில் வந்து விழுந்தவள். அந்த வருஷம் முழுக்க வகுப்பில் வாயே திறக்கவில்லை என்று கேள்விப்பட்டேன். என்னிடம் வந்தபோது தன் பெயரையே ஒரு படமாகத்தான் அறிந்திருந்தாள். பார்த்தால் அப்படியே வரைந்துவிடுவாள், ஆனால் அதில் முதல் எழுத்து எது என்று கேட்டால் தரையைப் பார்ப்பாள்.

அவளை என்னோடு பேச வைத்தது நட்சத்திரம். ஒரு புதுச் சொல்லை யார் துணையும் இல்லாமல் வாசித்தால் புறங்கையில் ஒரு பொன்னிற நட்சத்திரம் ஒட்டுவேன். கூலிமில் பாக்கெட் பாக்கெட்டாக விற்கிற சாதாரண ஸ்டிக்கர்தான். அதற்காக அந்தப் பிள்ளை படாத பாடுபட்டாள். அந்தக் கையை மட்டும் கழுவாமல் சாப்பிட உட்காருகிறாள் என்று அவள் அம்மா என்னிடம் புகார் சொன்னார். பள்ளி ஆண்டு பாதியாவதற்குள் சின்னச் சின்ன வாக்கியங்களை வாசித்தாள். கடினமான சொல் வந்தால் மட்டும் நடுவில் ஒரு எழுத்தை விழுங்கிவிட்டு, நான் கவனித்தேனா என்று ஓரக்கண்ணால் பார்ப்பாள். இன்னும் ஒரு வருஷம் அவளோடு கிடைத்தால் போதும், அதற்குப் பிறகு யார் தயவும் அவளுக்கு வேண்டாம் என்று எனக்குத் தெரிந்தது. பாதியில் விட்டால் என்ன ஆகும் என்பதும் தெரியும். சாண் ஏறினால் முழம் சறுக்குகிற வயசு அது. விடுமுறை முடிந்து வரும்போதே பாதி மறந்துவிட்டு வருவார்கள்.

அந்தச் சமயத்தில்தான் எங்கள் வட்டாரத்தில் சில பள்ளிகளில் மட்டும் ஒரு புது முறையைப் பரீட்சித்துப் பார்க்கப் போவதாகச் சொல்லி, சுங்கை பட்டாணியில் ஒரு மண்டபத்தில் விளக்கக் கூட்டம் வைத்தார்கள். குளிர்சாதனம் எலும்பைக் கடித்தது. வழக்கம்போலக் கறிபாப்பும் வறுத்த மீஹூன் சேமியாவும். நான் தூங்கத் தயாராகத்தான் போனேன். ஆனால் மேடையில் பேசியவர் சொல்லச் சொல்ல எனக்குத் தூக்கம் போய்விட்டது.

இத்தனை காலம் ஒரு பள்ளியை எப்படி எடை போட்டோம் என்று அவர் கேட்டார். பிள்ளைகள் எந்த இடத்தில் நிற்கிறார்கள் என்று பார்த்தோம். அப்படிப் பார்த்தால் டியூஷன் வைத்துப் படிக்கிற பட்டணத்துப் பிள்ளைகளின் பள்ளிதான் எப்போதும் மேலே இருக்கும். இனி அப்படி இல்லை. ஒவ்வொரு பிள்ளையும் ஆண்டுத் தொடக்கத்தில் எங்கே இருந்தது, முடிவில் எங்கே வந்தது என்று பார்ப்போம். அதே இடத்தில் தொடங்கிய மற்றப் பள்ளிப் பிள்ளைகளோடுதான் ஒப்பிடுவோம். அதற்குப் பெயர் வளர்ச்சி. ஆசிரியர்களையும் அதைப் பார்த்துத்தான் பிரித்துக் கொடுப்போம். குறைநீக்கல் வகுப்பால் பிள்ளைகள் வளர்கிற பள்ளியில் அந்த ஆசிரியர் இருப்பார். வளர்ச்சி காட்டாத பள்ளியிலிருந்து எடுத்துத் தேவைப்படும் இடத்துக்குக் கொடுப்போம்.

எனக்குக் கண் கலங்கிவிட்டது. பக்கத்தில் இருந்த ஆசிரியை குளிர் தாங்கவில்லை என்று நினைத்துத் தன் சால்வையைக் கொடுத்தார். எத்தனை வருஷமாக இதற்காகக் காத்திருந்தோம். சுழியத்திலிருந்து ஒரு பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்து நிறுத்துவோம், அதைக் கண்டுகொள்ள ஆள் இருக்காது. இப்போது ஒரு கணக்கே எங்களுக்காக வந்திருக்கிறது. அடுத்த நாள் தலைமையாசிரியையிடம் கோயில் பிரசாதம் கொடுப்பது போல இந்தச் செய்தியைக் கொடுத்தேன். அவரும் சந்தோஷப்பட்டார். முதல் உதாரணமாக நான் சொன்னது அந்தப் பிள்ளையைத்தான்.

கொஞ்ச நாள் கழித்து, பள்ளியில் கணினி வேலை பார்க்கிற இளம் ஆசிரியர் ஆண்டின் முதல் சோதனை மதிப்பெண்களைத் தொடக்கப் புள்ளிகளாக அனுப்பியாயிற்று, சரிபார்த்துக்கொள்ளுங்கள் என்று திரையைத் திருப்பிக் காட்டினார். இரண்டாம் ஆண்டில் அவள் பெயருக்கு நேரே அறுபத்து நான்கு என்றிருந்தது. முதலில் சிரித்துவிட்டேன். பெயர் மாறிப்போயிருக்கும் என்று நினைத்தேன். மேலே பார்த்தேன், கீழே பார்த்தேன். அந்த வகுப்பில் அறுபதுக்குக் கீழே ஒரு பிள்ளையும் இல்லை. எழுத்துத் தெரியாமல் என்னிடம் வருகிற எல்லாப் பிள்ளைகளும் ஆண்டுத் தொடக்கத்திலேயே பண்டிதர்களாக இருந்தார்கள். அப்போதுதான் எனக்கு விஷயம் உறைத்தது.

எங்கள் தோட்டத்தில் ஒரு பழக்கம் உண்டு. ஆண்டின் முதல் சோதனைத் தாளை முதல் வெள்ளிக்கிழமை கோயிலுக்குக் கொண்டுபோவார்கள். தேங்காய், வெற்றிலையோடு தட்டில் வைத்து அம்மன் முன்னால் படைத்து, பூசாரி ஒரு பொட்டு வைத்துக் கொடுப்பார். கத்தோலிக்க வீடுகளிலும் விட்டு வைப்பதில்லை, மாதா படத்துக்குக் கீழே வைத்து மெழுகுவர்த்தி ஏற்றுவார்கள். அதனால் அந்த முதல் தாளில் எந்தப் பிள்ளைக்கும் குறைந்த புள்ளி போடுவதில்லை. ஆசிரியரே கேள்வியை வாசித்துக் காட்டுவார். பிள்ளை முழித்தால் சரியான விடையின் மேல் விரலால் ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போவார். கடைக்காரர் முதல் போணியை முகம் கோணாமல் வாங்கிக்கொள்வது போலத்தான். அதை யாரும் ஏமாற்று என்று நினைத்ததில்லை, சோதனை என்றுகூட நினைத்ததில்லை. அந்தத் தாளைப் பள்ளிக்கு வெளியே யாரும் கேட்டதும் இல்லை. இப்போது கேட்டிருக்கிறார்கள்.

இரண்டாம் ஆண்டு வகுப்பாசிரியை என்னைவிட மூத்தவர். பள்ளியில் டீச்சர், வாசலைத் தாண்டினால் எனக்கு அக்கா. அடுத்த ஆண்டு பணி ஓய்வு. அவரிடம் போய்ச் சொன்னேன். கோபத்தோடுதான் போனேன், ஆனால் அவர் முகத்தைப் பார்த்ததும் அது எங்கேயோ ஓடிவிட்டது.

“அம்மன் முன்னால வைக்கிற தாளும்மா,” என்றார். “அதுல சைபர் போட எனக்கு மனசு வரல.”

யாருக்குத்தான் வரும். நானாக இருந்தாலும் தட்டியிருப்பேன். பட்டணத்தில் உண்மையாகவே அறுபத்து நான்கு வாங்கிய பிள்ளைகளோடு, முதல் நாளிலிருந்தே கதைப்புத்தகம் வாசித்த பிள்ளைகளோடு இவளை ஓடவிட்டிருக்கிறோம் என்று அக்காவுக்கு விளக்கினேன். அவர் நாற்காலியை விட்டு எழுந்தார். நேரே தலைமையாசிரியை அறைக்கு நடந்தார். நானும் பின்னாலேயே ஓடினேன்.

நான் போட்ட புள்ளி பொய் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தருகிறேன், என்னை என்ன செய்துவிடுவார்கள், பென்ஷனைப் பிடுங்குவார்களா என்று அக்கா கேட்டார். பிடுங்குவார்களா மாட்டார்களா என்று எங்கள் மூன்று பேரில் யாருக்கும் தெரியாது. கடைசியில், எதையும் எழுத வேண்டாம், முதலில் கல்வி இலாகாவில் வாயால் கேட்டுவிட்டு வாருங்கள் என்று தலைமையாசிரியை எங்கள் இருவரையும் அனுப்பி வைத்தார்.

அக்காவை என் காரில் ஏற்றிக்கொண்டேன். வழியெல்லாம் பேசிக்கொண்டே ஓட்டினேன். அதிகாரி மலாய்க்காரராக இருந்தால் எப்படி ஆரம்பிப்பது, அம்மன் கதையை மலாயில் எப்படிச் சொல்வது என்று ஒத்திகை பார்த்தேன். போய்ப் பார்த்தால் தமிழர். பாலிங் பக்கம் ரப்பர்ப் பால்மரத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர். நாங்கள் பாதி சொன்னதுமே அவருக்குப் புரிந்துவிட்டது. எங்க பள்ளியிலயும் இப்படித்தான், என் முதல் தாளும் சாமி படத்துக்குப் பக்கத்தில்தான் இருந்தது என்று சிரித்தார். பிரச்சினை தீர்ந்தது என்று நான் மனசுக்குள் தேங்காய் உடைத்துவிட்டேன்.

என் கைப்பேசியில் அந்தப் பிள்ளை வாசிப்பதை அவ்வப்போது பதிவு செய்து வைத்திருந்தேன். அதையும் போட்டுக் காட்டினேன். முதல் பதிவில் என் குரல் மட்டும்தான் இருக்கும். இது என்ன எழுத்து, சொல்லும்மா, பயப்படாதே. அவள் பக்கத்திலிருந்து மூச்சுச் சத்தம் மட்டும் வரும். பிறகு ஒற்றை எழுத்துகள். பிறகு, ‘பாட்டு’, ‘பட்டம்’, ‘ஆடு புல் தின்றது’. கடைசியில் ஒரு முழுப் பத்தி. அதிகாரி முழுவதும் கேட்டார். பக்கத்து மேசையில் இருந்த மலாய்க்காரப் பெண்ணும் டைப் அடிப்பதை நிறுத்திவிட்டுத் திரும்பி உட்கார்ந்து கேட்டார். தமிழ் தெரியாதவருக்கும் அந்தப் பிள்ளை ஏறிக்கொண்டு வருவது கேட்டது.

பதிவு முடிந்ததும் அதிகாரி கைப்பேசியை என் பக்கம் தள்ளினார்.

“தொடக்கப் புள்ளி தப்புன்னு நீங்க எழுதிக் குடுத்தா நான் எடுத்துறலாம் டீச்சர். எடுத்துட்டா அந்தப் பிள்ளைக்குத் தொடக்கமே இல்ல. தொடக்கம் இல்லாத பிள்ளைய சிஸ்தம் எண்ணாது.”

அப்போ மறுபடி சோதனை வைத்து உண்மையான தொடக்கத்தைப் போடலாமே என்றேன். தொடக்கம் என்பது தொடக்கத்தில் வைத்ததுதான், பாதியில் வைத்ததைத் தொடக்கம் என்று போட இடமில்லை என்றார். அவள் ஒருத்தியை எடுத்தால் போதாது, அதே மாதிரி புள்ளி போட்ட மொத்த வகுப்பையும் எடுக்க வேண்டும். சின்னப் பள்ளி. எடுத்துவிட்டால் என் வகுப்பில் கணக்குக்கு ஆளே மிஞ்சாது. ஆளே இல்லாத வகுப்புக்கு ஆசிரியர் எதற்கு என்று அடுத்த கேள்வி வரும்.

“வச்சிருந்தா வளரலன்னு காட்டும். எடுத்துட்டா ஆளே இல்லன்னு காட்டும். ரெண்டுல எதுன்னு நீங்கதான் சொல்லணும் லா. எனக்கும் வேற வழி தெரியல.”

ஒரு நாள் பள்ளிக்கு வாங்க ஐயா, அவள் வாசிக்கிறதை நேரில் கேளுங்க என்று அக்கா கெஞ்சினார். அவர் அப்படிக் கெஞ்சி நான் பார்த்ததில்லை. நான் வந்து கேட்டால் எனக்குத்தான் தெரியும், கணக்குக்குத் தெரியாதே என்றார் அதிகாரி. அவர் கெட்டவர் இல்லை. அதுதான் எனக்கு ஆத்திரம். யாராவது ஒரு கெட்டவர் அகப்பட்டால் நன்றாகத் திட்டிவிட்டாவது வந்திருப்பேன். மேடையில் பேசியவர் சொன்னதும் நியாயம், அக்கா செய்ததும் நியாயம், அதிகாரி சொன்னதும் அவர் வரையில் நியாயம். இத்தனை நியாயத்துக்கு நடுவில் ஒரு பிள்ளை நசுங்குகிறது. திட்ட ஆள் கிடைக்காமல் திரும்பி வந்தோம். வழியில் தேத்தண்ணி குடிக்க நிறுத்தினேன். அக்கா கிளாஸைத் தொடவே இல்லை.

அந்தப் புள்ளியை அப்படியே வைத்துக்கொள்வது என்று முடிவு செய்தோம். இல்லாமல் போவதைவிட இருப்பது மேல் என்று நினைத்தோம். ஒரு வேளை அவள் அறுபத்து நான்கையும் தாண்டிவிடுவாளோ என்ற பேராசையும் இருந்தது. அதற்குப் பிறகு நான் அந்தப் பிள்ளையை விரட்டினேன். ஓய்வு நேரத்திலும் கூப்பிட்டேன். பள்ளிக் கெந்தினில் வாங்கின மீஹூனைக் கையில் வைத்துக்கொண்டே ஓடி வருவாள். பாவம், அவளுக்கு இது எதுவும் தெரியாது. டீச்சருக்குத் தன்மேல் தனிப் பிரியம் என்று மற்றப் பிள்ளைகளிடம் பெருமையடித்துக்கொண்டாள்.

ஆண்டு முடிவுச் சோதனைக்கு வேறு பள்ளியிலிருந்து ஆசிரியர்களை அனுப்பினார்கள். கேள்வியை வாசித்துக் காட்டவும் ஆள் இல்லை, விரலால் தட்டவும் ஆள் இல்லை. அனுப்பாமல் இருந்திருந்தால் நாங்கள் தட்டியிருப்போமா என்று என்னைக் கேட்காதீர்கள். அவள் தனியாக உட்கார்ந்து, தாளில் இருந்ததைத் தானே வாசித்து, தானே எழுதினாள். ஐம்பத்தெட்டு.

அந்த ஐம்பத்தெட்டைப் பார்த்து நானும் அக்காவும் ஒருவரை ஒருவர் கட்டிக்கொண்டு அழுதோம். ஒரு புள்ளிகூட இரவல் இல்லை. எழுத்தே தெரியாத பிள்ளை. அவள் வயசுக்கு அது ஒரு மலை. ஆனால் அறுபத்து நான்கிலிருந்து ஐம்பத்தெட்டுக்கு வந்தவள் என்றுதான் அந்தக் கணக்குக்குத் தெரியும். என் அறைக்கு வந்த எல்லாப் பிள்ளைகளுக்கும் அதே கதிதான். நான் சொல்லிக்கொடுக்கச் சொல்லிக்கொடுக்க, கழுதை தேய்ந்து கட்டெறும்பு ஆன கதையாகப் பிள்ளைகள் தேய்ந்திருந்தார்கள்.

பிறகு நடந்ததில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை. எங்கள் பள்ளியில் குறைநீக்கல் வகுப்பால் வளர்ச்சி இல்லை என்று முடிவாயிற்று. என்னைப் பாலிங் பக்கம் ஒரு பள்ளிக்கு மாற்றினார்கள். இங்கே வேறு ஆள் வரப்போவதில்லை. தலைமையாசிரியை மேலே போய்ப் பேசினார், பெற்றோர் ஆசிரியர் சங்கத்தாரும் போய்ப் பேசினார்கள். எல்லோரையும் உட்கார வைத்து, திரையில் பச்சையும் சிவப்புமாகக் காட்டி, மரியாதையாக அனுப்பி வைத்தார்கள். அக்கா மட்டும் யாருக்கும் சொல்லாமல் தனியாக ஒரு வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போய் அம்மனோடு சண்டை போட்டுவிட்டு வந்ததாக என்னிடம் சொன்னார். யார் ஜெயித்தது என்று கேட்டேன். சிலை பதில் சொல்லுமா என்றார்.

அந்தப் பிள்ளையின் அம்மாவுக்கு விஷயம் தெரிந்து, ஷிப்ட் முடிந்த கையோடு, தொழிற்சாலைச் சீருடையிலேயே பள்ளிக்கு வந்தார். மைலோ டின், சவுக்காரக் கட்டி, அப்பாவின் லாரிக் கண்ணாடியில் ஒட்டியிருக்கிறது எல்லாவற்றையும் வாசிக்கிறாள் என்று ஆரம்பித்தார். நீங்கள் போய்விட்டால் யார் பார்ப்பார்கள் என்று கேட்டார். வகுப்பாசிரியர் பார்ப்பார் என்று சொல்ல வாய் வரவில்லை, ஏனென்றால் அக்காவும் ஓய்வு பெற்றுப் போகிறார்.

“நான் என்னா செய்யணும், சொல்லுங்க டீச்சர். நான் செய்றேன்,” என்றார்.

செய்வதற்கு ஏதாவது இருந்தால் சொல்லியிருக்க மாட்டேனா. தினமும் ஏதாவது வாசிக்கச் சொல்லுங்கள், பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள் என்றேன். எனக்கே தமிழ் சரியாக வாசிக்க வராதே டீச்சர் என்றார் அவர். ஓய்வில்லாத கண்கள். அவர் அடுத்த ஷிப்டுக்கு முன்னால் தூங்கப் போகவேண்டும். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன், அவ்வளவுதான் முடிந்தது.

கடைசி வாரத்தில் ஒரு காலை, என் அறையில் இருந்த கதைப்புத்தகங்களை ஆசிரியர் அறைக்கு மாற்றிக்கொண்டிருந்தேன். அவள் நானும் தூக்குகிறேன் என்று ஒரு அடுக்கை மார்போடு அணைத்துக்கொண்டு வந்தாள். ஆசிரியர் அறைச் சுவரில் வளர்ச்சி அட்டவணையை ஒட்டியிருந்தார்கள். இலாகா அனுப்பியது மலாயில்தான் இருந்தது. தமிழ்ப்பள்ளிச் சுவரில் தமிழ்தான் இருக்க வேண்டும் என்று தலைமையாசிரியை பிடிவாதமாகத் தமிழில் பெரிதாக எழுத வைத்திருந்தார். நல்ல எண்ணத்தில் செய்ததுதான். அங்கே பிள்ளைகள் வருவதில்லை என்பதால் யாரும் அதை யோசிக்கவில்லை, நானும் யோசிக்கவில்லை.

நான் அலமாரியில் அடுக்கிக்கொண்டிருந்தேன். பின்னால் அவள் குரல் கேட்டது. தன் பெயரைக் கண்டுபிடித்துவிட்டாள். அதை வாசித்துவிட்டு, அதே வரியில் விரலை வைத்து மெதுவாக நகர்த்திக்கொண்டு போனாள். எண்களைத் தாண்டி, சிவப்பு மையில் எழுதியிருந்த கடைசிக் கட்டத்துக்கு வந்தாள். நான் திரும்பி, அவள் தோளைப் பிடித்து வெளியே கூட்டிப்போக இரண்டு எட்டு வைத்தேன். அதற்குள் ஆரம்பித்துவிட்டாள். வாசித்துக்கொண்டிருக்கும் பிள்ளையை இடையில் நிறுத்தி எனக்குப் பழக்கமில்லை. நின்றுவிட்டேன்.

ஒவ்வொரு எழுத்தாக உதட்டை அசைத்துப் பார்த்தாள். கடினமான சொல். அவள் வழக்கமாக நடுவில் விழுங்குகிற ரகம். இந்தத் தடவை விழுங்கவில்லை. ஒருமுறை தனக்குள் சொல்லிப் பார்த்துவிட்டு, சத்தமாக, தெளிவாக வாசித்தாள்.

“வளர்ச்சி இல்லை.”

என்னைத் திரும்பிப் பார்த்தாள். முகமெல்லாம் சிரிப்பு.

“யாருமே சொல்லிக் குடுக்கல டீச்சர். புதுச் சொல்லு,” என்று சொல்லி, புறங்கையை என் முன்னால் நீட்டினாள்.

அங்கே இருந்த என் மேசை இழுப்பறையைத் திறந்து ஸ்டிக்கர் பாக்கெட்டை எடுத்தேன். நட்சத்திரம் கொஞ்சம் கோணலாகத்தான் ஒட்டியது. அவள் அதைக் கவனிக்கவில்லை. இன்னொரு அடுக்குப் புத்தகம் எடுத்துவர ஓடிவிட்டாள்.